டொமினிக் ஹாஷெக்: புரண்டு தடுத்த அந்த ஆட்டத்துக்குள் ஒரு முறை இருந்ததா?

நீலக்கோடு:

செக் ஐஸ் ஹாக்கி கோலி (வலையைக் காப்பவர்) ஹாஷெக் பஃபலோ சேபர்ஸ் அணியில் ஆடிய காலத்துப் பதிவுகளைப் பார்க்கப் பார்க்கக் கேள்விகள்தான் கூடுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

1983 டிராஃப்டிலேயே (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரை எடுத்துவிட்டது. ஆனால் வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்.ஹெச்.எல்.லில் அவர் ஒரு அணியின் முக்கியக் கோலியாக நின்றது 1993-94 சீசனில்தான். நடுவில் பத்து வருடம் எங்கே போயிற்று? யாருமே கவனிக்கவில்லையா?

அடுத்து, அவர் தடுக்கும் விதம். மல்லாந்து படுக்கிறார், காலை மேலே தூக்குகிறார், ஸ்டிக்கை உதறிவிட்டு பிளாக்கர் கையாலேயே (ஸ்டிக் பிடிக்கும் கை) பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வில்லை) அமுக்குகிறார். ஸ்டைலே இல்லாத கோலி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். இதில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒழுங்கு ஏதாவது உண்டா, இல்லை அவருடைய உடம்புக்கு மட்டும் வாய்த்ததா? பட்டர்ஃபிளை (முழங்காலிட்டு இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்துத் தடுக்கும் முறை) பழகிக்கொண்டிருக்கும் வயதுவந்தோர் லீக் கோலி ஒருவர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதைத் தொடவே கூடாது?

கடைசியாக, 2002இல் ஓய்வு, 2003இல் திரும்பி வருகிறார், 2008இல் மறுபடி ஓய்வு, அதற்கப்புறமும் ஆடுகிறார். ஏன் இப்படி?

---

முப்பத்தொன்பது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தப் பத்து வருடத்தில் முதல் ஏழுக்குக் காரணம் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்றைய அரசு. மீதி மூன்றுக்குக் காரணம் அவருக்கு முன்னால் நின்ற இரண்டு கோலிகள்.

ஹாஷெக் பிறந்தது 1965 ஜனவரி 29, பர்டுபிட்சே நகரில். பதினாறு வயதிலேயே டெஸ்லா பர்டுபிட்சே அணியின் முதல்நிலை ஆட்டங்களில் இறங்கிவிட்டார். 1983இல் சிகாகோ அவரை எடுத்தது பத்தாவது சுற்றில், இருநூறை ஒட்டிய இடத்தில். அப்போது கிழக்கு ஐரோப்பிய வீரர்களை எடுப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவது போலத்தான். ஆளை நாட்டைவிட்டு விடமாட்டார்கள் என்று எல்லா அணிக்கும் தெரியும். தன்னை எடுத்திருக்கிறார்கள் என்பதே ஹாஷெக்குக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதே டிராஃப்டில் பஃபலோ ஐந்தாவது ஆளாக எடுத்த கோலி டாம் பராஸோ. பள்ளிக்கூட ஆட்டத்திலிருந்து நேராக என்.ஹெச்.எல்.லுக்கு வந்து, முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர், சிறந்த கோலிக்கான வெசினா இரண்டையும் வாங்கினார். டிராஃப்ட் இடத்தை வைத்துத் திறமையை அளந்தால் எவ்வளவு தப்பாகும் என்பதற்கு இந்த ஜோடியே போதும்.

ஊரில் ஹாஷெக் சும்மா இருக்கவில்லை. 1987, 1989 இரண்டு வருடமும் பர்டுபிட்சே லீக் பட்டம் வென்றது. 1989-90இல் ராணுவ அணியான டுக்லா யிஹ்லாவாவில் ஆடினார். 1989 இறுதியில் ஆட்சி மாறியதும் வழி திறந்தது. 1990இல் சிகாகோ போய்ச் சேர்ந்தார்.

அங்கே எட் பெல்ஃபோர். 1990-91இல் பெல்ஃபோர் 74 ஆட்டம் நின்று கால்டரையும் வெசினாவையும் சேர்த்து வாங்கிய வருடம் அது. ஹாஷெக்குக்குக் கிடைத்தது இரண்டு சீசனிலும் சேர்த்து 25 லீக் ஆட்டம். மற்ற நாட்களில் கீழ்நிலை அணியான இண்டியானாபொலிஸ் ஐஸ். லீக் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் 1992 இறுதியில் நான்காம் ஆட்டத்தில் பெல்ஃபோர் ஆரம்பத்திலேயே தடுமாறியதும் ஹாஷெக்கை இறக்கினார்கள். சிகாகோ 6-5 என்று தோற்றது, கோப்பை பிட்ஸ்பர்க்குக்குப் போனது. எதிர் வலையில் நின்றவர் அதே பராஸோ.

அந்த ஆகஸ்டில் ஸ்டெஃபான் போரகார் என்ற கோலியையும் ஒரு டிராஃப்ட் தேர்வையும் வாங்கிக்கொண்டு சிகாகோ அவரை பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டது. பஃபலோவிலும் சீக்கிரமே கிராண்ட் ஃபியூர் முதல் கோலியாக வந்து சேர்ந்தார். 1993இல் அனாஹைம், ஃபுளோரிடா என்ற இரண்டு புது அணிகளுக்காக நடந்த டிராஃப்டில் மற்ற அணிகள் எடுக்க முடியாதவர்கள் பட்டியலில் பஃபலோ ஹாஷெக்கை வைக்கவில்லை. இரண்டு அணியும் அவரைத் தொடவில்லை! ஃபியூருக்குக் காயம் பட்டதால்தான் 1993-94இல் வாய்ப்பு வந்தது. 58 ஆட்டம், கோல் சராசரி (ஆட்டத்துக்கு விட்ட கோல்) 1.95. 1973-74இல் பெர்னி பாரன்டுக்குப் பிறகு 2.00க்குக் கீழே யாருமே போகாதிருந்த இடம் அது. அப்போது அவருக்கு வயது 29.

---

கிரீஸ்வாசி:

ஸ்டைல் இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஒரு அளவுக் கணக்கில் தொடங்குகிறேன்.

வலையின் அகலம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். உயரம் 4 அடி, 1.22 மீட்டர். ஹாஷெக்கின் உயரம் 1.85 மீட்டர். அவர் கோல் கோட்டின் மேல் படுத்தால் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை கீழ்ப்பகுதி அடைபட்டுவிடும். மேலே பாதிக்கு மேல் திறந்துதான் கிடக்கும், ஆனால் பக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிரீஸ் (வலைக்கு முன்னால் கோடு போட்ட கோலியின் பகுதி) விளிம்புக்குள், ஒன்றரை மீட்டர் தூரத்தில் பக் இருந்தால், 170 கிராம் ரப்பர் வில்லையைப் பனித்தரையிலிருந்து கிளப்பி, படுத்திருக்கும் உடம்புக்கும் தூக்கிய காலுக்கும் மேலாக, ஆனால் குறுக்குக் கம்பத்துக்குக் கீழாகச் செலுத்த வேண்டும். ஸ்டிக் பிளேடைத் திறந்து அடியில் கொடுத்து அள்ள அரை நொடியாவது அவகாசம் வேண்டும். பின்னாலிருந்து ஒரு தற்காப்பு வீரர் தள்ளிக்கொண்டிருக்கும்போது அந்த அவகாசம் எங்கே கிடைக்கும்? பெரும்பாலானோர் கிடைத்தபடி தரையோடு அடிப்பார்கள். அது கோலியின் கால் பேடில் படும்.

ஆக அவருடைய முதல் விதி: பக் கிட்ட இருந்தால் தரையை மூடு. எட்டத்தில் இருந்தால் நின்றுகொள். 1994இலிருந்து எந்தப் பதிவை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், புரள்வதெல்லாம் கிரீஸைச் சுற்றித்தான். எட்டத்தில் இருக்கும் நீலக்கோட்டிலிருந்து வரும் அடிக்கு அவர் நின்றபடியோ சாதாரணமாக முழங்காலிட்டோதான் தடுப்பார். தொகுப்பு வீடியோக்களில் அந்தச் சாதாரணத் தடுப்புகளை வெட்டிவிடுவதால்தான் எப்போதும் உருண்டுகொண்டே இருந்தவர் போலத் தெரிகிறது.

இரண்டாவது, குறுக்குப் பாஸ். பட்டர்ஃபிளை கோலி முழங்காலில் இருக்கும்போது பக் இடமிருந்து வலம் போனால், அவர் முதலில் தலையைத் திருப்ப வேண்டும். பிறகு இடுப்பைத் திருப்பி, இடது காலைத் தூக்கி, அந்த ஸ்கேட்டின் உள்விளிம்பைப் பனியில் ஊன்றித் தள்ளி வலப்பக்கம் சறுக்க வேண்டும். சரியாகச் செய்தால் பேட் இரண்டும் தரையோடு ஒட்டியே நகரும். கால் ஊன்றுவது பிந்தினால் பேடுகளுக்கு நடுவே சந்து விழும், கோல் அங்கேதான் போகும். ஹாஷெக் இந்த வரிசையில் நடுப்படிகளை விட்டுவிடுவார். தலை திரும்பிய உடனே போக வேண்டிய திசைக்கு ஒரு காலை நீட்டி எறிவார், உடம்பு அதைத் தொடர்ந்து உருளும், மேல் கையின் கிளவ் காலுக்கு மேலே சுவராக நிற்கும். ஒரு சறுக்கலுக்கு ஆகும் நேரத்தில் பாதி மிச்சமாகிறது. விலை என்னவென்றால், அதற்கு அடுத்த அடிக்கு எழுந்திருக்க முடியாது. அதனால்தான் படுத்தபடியே அடுத்த அடியைத் தடுக்கவும் அவர் வழி வைத்திருந்தார்: மல்லாந்து கையையும் காலையும் விரித்து, பிளாக்கர் கையைக் கோல் கோட்டோடு ஒட்டிப் பின்னால் நீட்டிவைப்பது.

ஸ்டிக்கை விடுவதும் இப்படித்தான். பிளாக்கர் கையில் ஸ்டிக் இருக்கும்வரை அந்தக் கையால் பக்கைப் பிடிக்க முடியாது. கிளவ் கை (பக்கைப் பிடிக்கும் கை) உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும், பக் பிளாக்கர் பக்கம் ஒரு முழத்தில் கிடக்கும். ஸ்டிக்கைப் போட்டுவிட்டு விரல்களால் அமுக்கினால் விசில் ஊதிவிடுவார்கள், ஆட்டம் நின்றுவிடும். அடுத்த முகச்சந்திப்புக்குள் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவது) எழுந்து நின்றுகொள்ளலாம்.

மூன்றாவது, கண். அவர் முழு மாஸ்க் போடாமல், பழைய மாதிரி ஹெல்மெட்டும் கம்பிக் கூண்டும்தான் கடைசிவரை போட்டார். தாடைக்குக் கீழே, காலடியில் கிடக்கும் பக் அந்தக் கூண்டில் நன்றாகத் தெரியும். பதிவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உடம்பு எந்தப் பக்கம் உருண்டாலும் முகம் பக்கைவிட்டு அகலாது.

நீங்கள் எதை எடுக்கலாம்? பக்கைவிட்டுக் கண்ணை எடுக்காத பழக்கம், அடிப்பவர் முதலில் முடிவெடுக்கட்டும் என்று காத்திருப்பது, கிரீஸுக்குள் தரையை மூடுவது. இந்த மூன்றும் யாருக்கும் வரும். நீட்டி எறிவதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். பட்டர்ஃபிளையில் எழுந்து சறுக்கியே போய்ச் சேரக்கூடிய இடத்துக்கும் சோம்பலில் விழ ஆரம்பித்துவிடுவீர்கள். வயதுவந்தோர் லீக்கில் நிறைய கோலிகள் கெட்டுப்போவது இங்கேதான்: அடி வருமுன்பே விழுந்துவிடுகிறார்கள். அடிப்பவர் அரை நொடி தாமதித்தால் போதும், இரண்டு மேல் மூலையும் அவருக்குச் சொந்தம். இன்னொன்று, படுத்த கோலியின் மேல் பட்ட பக் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. நின்று தடுத்தால் பேடின் முகத்தைத் திருப்பி மூலைக்கு அனுப்பலாம்.

---

சேவ்_கணக்கு:

பஃபலோவின் தற்காப்பு நன்றாக இருந்ததால்தான் அவருக்கு நல்ல எண்கள் என்று யாராவது எழுதுவதற்கு முன் கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

1997-98: 72 ஆட்டம், எதிர்கொண்ட அடிகள் 2149, விட்ட கோல் 147. சேவ் சதவீதம், அதாவது தடுத்த அடிகளின் பங்கு, 93.2. ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 30 அடி, அதாவது வேலை குறைவில்லை. அந்த வருட லீக் சராசரி ஏறக்குறைய 90.5. அந்தச் சராசரி கோலி அதே 2149 அடிக்கு நின்றிருந்தால் 200ஐத் தாண்டி விட்டிருப்பார். வித்தியாசம் சுமார் 55 கோல். ஆனாலும் ஹாஷெக் வென்றது 33 ஆட்டம்தான், ஏனென்றால் பஃபலோ கோல் அடிக்கத் திணறிய அணி. 13 ஷட்அவுட்டில் (ஒரு கோலும் விடாத ஆட்டம்) ஆறு டிசம்பர் ஒரே மாதத்தில் வந்தவை.

1998-99இல் இன்னும் மேலே: 1877 அடிக்கு 119 கோல், 93.7 சதவீதம், சராசரி 1.87. 1993-94 முதல் 1998-99 வரை ஆறு சீசன் தொடர்ந்து சேவ் சதவீதத்தில் லீக்கிலேயே முதலிடம். வெசினா ஆறு: 1994, 1995, 1997, 1998, 1999, 2001. லீக்கின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையை 1997, 1998 இரண்டு வருடமும் வாங்கினார். அதற்கு முன் ஒரு கோலி அதை வாங்கியது 1962இல், ஜாக் பிளான்ட். இரண்டு முறை வாங்கிய கோலி ஹாஷெக் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. கோல் சராசரியை வைத்து கோலிகளை ஒப்பிடாதீர்கள், அதில் அணியின் பங்கு அதிகம். ஆட்டத்துக்கு 24 அடி வரும் கோலியும் 30 அடி வரும் கோலியும் ஒரே 2.20இல் நிற்கலாம், முதலாமவர் தடுப்பது 90.8 சதவீதம், இரண்டாமவர் 92.7.

---

வடதிசை_பிசியோ:

ஓய்வும் திரும்பி வருவதும் பற்றிய கேள்விக்குப் பாதி பதில் அவருடைய தொடையில் இருக்கிறது.

உள் தொடைத் தசைகளின் வேலை காலை நடுக்கோட்டுக்கு இழுப்பது. காலைப் பக்கவாட்டில் எறியும்போது அதே தசைகள் நீளும், நீண்டுகொண்டே அந்த எறிதலுக்குத் தடை பிடிக்கவும் வேண்டும். தசை கிழிவது பெரும்பாலும் இப்படி நீண்டபடி சுருங்கும் நொடியில்தான். பனியில் உராய்வு இல்லாததால் கால் எதிர்பார்த்ததைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகப் போய்விடும். கிரீஸ்வாசி சொன்ன அந்த எறிதலை வருடத்துக்கு எழுபது ஆட்டம் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

1999 கோடையில், அடுத்த சீசனோடு நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். அந்த சீசனின் தொடக்கத்திலேயே உள் தொடையில் காயம், ஆடியது 35 ஆட்டம். அப்படி முடித்துக்கொள்ள மனம் வராமல் தொடர்ந்தார். 2001இல் டெட்ராய்ட். 2001-02இல் 41 வெற்றி, பிளேஆஃப்பில் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) ஆறு ஷட்அவுட், முதல் ஸ்டான்லி கோப்பை. அந்த உச்சியில் ஓய்வு. 2003-04இல் திரும்பியபோது அதே இடத்தில் காயம், 14 ஆட்டத்தோடு சரி. 2005-06இல் ஒட்டாவா, 43 ஆட்டத்தில் 92.5 சதவீதம், மிக நல்ல சீசன். 2006 டூரின் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வலது உள் தொடை போயிற்று. ஒட்டாவாவுக்கு அந்த வருடம் அவர் மறுபடி ஆடவே இல்லை. அதற்குப் பிறகும் டெட்ராய்ட்டில் 2006-07இல் 38 வெற்றி! 2008 பிளேஆஃப்பில் நாஷ்வில்லுக்கு எதிராக நான்கு ஆட்டம் நின்றபின் இடத்தை கிறிஸ் ஆஸ்குட் எடுத்துக்கொண்டார், கோப்பையும் வந்தது. ஹாஷெக் 43 வயதில் ஓய்வு அறிவித்தார். பிறகு 2009-10இல் பர்டுபிட்சேவுக்குத் திரும்பி செக் லீக் பட்டம், 2010-11இல் மாஸ்கோ ஸ்பார்டக். 2012 அக்டோபரில்தான் உண்மையான முடிவு. 2014இல் ஹால் ஆஃப் ஃபேம், 2015 ஜனவரியில் பஃபலோ அவருடைய 39ஆம் எண்ணை இனி யாருக்கும் இல்லை என்று தூக்கி வைத்தது.

வயதுவந்த கோலிகளுக்கு ஒரு பயனுள்ள விஷயம். என்.ஹெச்.எல். வீரர்களிடம் செய்த ஆய்வில், உள் தொடையின் வலு வெளி இடுப்பு வலுவில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தசைக் காயம் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே நீட்டிப் பழகுவது மட்டும் போதாது, வலுவும் வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து அழுத்துவதில் தொடங்குங்கள்: ஐந்து நொடி பிடித்து, பத்து முறை. வலி இல்லாமல் அது வந்த பிறகு, பக்கவாட்டில் படுத்து மேல் காலை பெஞ்சில் வைத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சிக்குப் போகலாம். முதலில் முழங்காலை பெஞ்சில் தாங்கிச் செய்யுங்கள். கணுக்காலைத் தாங்கிச் செய்வது பிறகு. குளிர்ந்த உடம்போடு நேராகப் போய் ஸ்பிளிட் போடாதீர்கள், காயம் அதில்தான் ஆரம்பிக்கும்.

பட்டர்ஃபிளை பாதுகாப்பானது என்றும் நினைக்க வேண்டாம். அதில் தொடை எலும்பு உள்பக்கம் முழுக்கத் திரும்புவதால் இடுப்பு மூட்டின் விளிம்புக் குருத்தெலும்பு நசுங்கும். அது வேறு காயம், வேறு சிகிச்சை.

---

நீலக்கோடு:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. தனியாக ஓடிவரும் ஆளை அவர் எப்படிச் சமாளித்தார்? 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து பேரும் தோற்றார்களே, அங்கே என்ன செய்தார்?

---

கிரீஸ்வாசி:

பிப்ரவரி 20 ஆட்டம். யிர்ஷி ஷ்லேகர் போட்ட கோலோடு செக் அணி முன்னிலையில் இருந்தது. முடிய 63 நொடி இருக்கும்போது டிரெவர் லிண்டன் சமன் செய்தார். ஓவர்டைமில் கோல் இல்லை. ஷூட்அவுட்டில் (ஒவ்வொருவராகத் தனியே ஓடிவந்து கோல் முயல்வது) செக் தரப்பில் ராபர்ட் ரைகல் கனடா கோலி பாட்ரிக் ருவாவைத் தாண்டிப் போட்ட ஒன்றுதான் மொத்தக் கணக்கு. கனடாவுக்கு ஃபிளூரி, போர்க், நியூவென்டைக், லிண்ட்ராஸ், ஷனஹான். நட்சத்திர வீரர் கிரெட்ஸ்கியை அனுப்பவில்லை, அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

முறை இதுதான். ஆள் நடுக்கோட்டிலிருந்து கிளம்பும்போது கிரீஸுக்கு வெளியே நிற்க வேண்டும், வலையின் பெரும்பகுதி அடிப்பவர் கண்ணுக்கு மறையும். அவர் நெருங்க நெருங்க அதே வேகத்தில் பின்வாங்க வேண்டும். மெதுவாகப் பின்வாங்கினால் சுற்றிக்கொண்டு போய்விடுவார். வேகமாகப் போனால் கோல் கோட்டில் ஒட்டிவிடுவீர்கள், இரண்டு பக்கமும் திறந்துவிடும். பக் கிரீஸ் விளிம்புக்கு வரும்வரை முழங்கால் தரையைத் தொடக்கூடாது. கோலி விழுந்தால்தான் மேலே இடம் கிடைக்கும் என்று அடிப்பவர் காத்திருக்கிறார். அந்த இடத்தைத் தராமல் இழுத்தடித்தால் அவருடைய கோணம் தானாகவே சுருங்கிவிடும். லிண்ட்ராஸ் அடித்ததைப் பாருங்கள். ஹாஷெக் நீட்டிப் படுத்தபின் மிஞ்சியது கம்பத்தை ஒட்டிய ஒரு சந்து, பக் கம்பத்தில் பட்டுப் போய்விட்டது. அது போயிருக்கவும் கூடும், அதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரஷ்யாவுக்கு எதிரான இறுதி 1-0, பெட்டர் ஸ்வோபோடாவின் கோல். ஆறு ஆட்டத்தில் ஹாஷெக் விட்டது மொத்தம் ஆறு கோல்.

முழு ஆட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் 1994 ஏப்ரல் 27, நியூ ஜெர்சிக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஆறாவது ஆட்டத்தைத் தேடுங்கள். நான்காவது ஓவர்டைமில் டேவ் ஹானன் போட்ட கோலில் 1-0, ஹாஷெக் 70 தடுப்பு, எதிரே மார்ட்டின் புரோடூர். முதல் பீரியடில் அவர் எத்தனை முறை நின்றபடி தடுக்கிறார், நூறு நிமிடத்துக்கு மேல் ஆடிக் கால் தளர்ந்த பிறகு எத்தனை முறை படுக்கிறார் என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு பாருங்கள்.